கருப்பட்டிப் பல்

பித்தளைச் செம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்ளும்போது தொண்டையில் குளிர்ந்து இறங்கும் எங்கள் கிணற்றுத் தண்ணீரின் இனிப்பு, இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் நாக்கை விட்டு அகலவில்லை. அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே, மழை எட்டிப் பார்க்காத அந்தத் தேரியில், செம்மணல் மேட்டில், எங்கே தோண்டினாலும் உப்புக் கரிக்கும். எங்கள் கிணறு ஒன்றே விலக்கு. அதில் எங்கள் வீட்டுக் கயிற்றைத் தவிர வேறு கயிறு இறங்கியதில்லை. என் பற்களில் படிந்திருந்த பழுப்புக் கறையைக்கூட ஊரார் "கருப்பட்டிப் பல்" என்று, இனிப்புக்குக் குறைவில்லாத வீட்டின் அடையாளமாகவே சொன்னார்கள். நானும் அதைப் பெருமையோடு காட்டித் திரிந்தேன்.

நான் எட்டாம் வகுப்பு படித்த கோடையில், குடிநீர்த் திட்டத்துக்காகக் கிணறுகளைச் சோதிக்க ஓர் அதிகாரி வந்தார். என் தந்தையார் தம் கையாலேயே அவருடைய கண்ணாடிக் குப்பியை நிரப்பிக் கொடுத்தார். அடுத்த மாதம் திரும்பி வந்தவர், முதலில் என்னை வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார். பிறகு எங்கள் கிணற்றுச் சுவரில் சிவப்புச் சாயத்தால் பெருக்கல் குறி இட்டார். தண்ணீரில் ஃபுளோரைடு மிகுதி, குடிக்கும் குழந்தைகளுக்கு முளைக்கும் பல்லிலேயே கறை ஏறிவிடும், இதற்கு அந்த உப்புக் கிணறுகளே மேல் என்று சொல்லி, அறிக்கையைத் தந்தையாரிடம் கொடுத்துவிட்டுப் போனார். உப்புத் தண்ணீர் குடித்து வளர்ந்த என் வகுப்புத் தோழர்களின் வெள்ளைப் பற்கள் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன.

அதனினும் பெரிய அதிர்ச்சி மறுநாள் காத்திருந்தது. சிவப்புக் குறியைத் தூரத்திலிருந்து சிலர் பார்த்துவிட்டார்கள். பேச்சு கிளம்புமுன், தண்ணீரில் குறையில்லை என்று காட்டி அதை அடக்க வேண்டும் என்று, தந்தையார் குறியின்மேல் சுண்ணாம்பு பூசச் செய்து, தலைமுறைகளாகப் பூட்டிக்கிடந்த கிணற்று வேலிப் படலைத் திறந்துவிட்டார். இனி யார் வேண்டுமானாலும் தண்ணீர் எடுக்கலாம் என்று சொல்லி அனுப்பினார். முதல் ஆளாக வந்தவள் தங்கம்மை, இடுப்பில் கைக்குழந்தையோடு. "இனி எம் பிள்ளைக்கு உப்புத் தண்ணி குடுக்காண்டாம். அய்யா நல்லாயிருக்கணும்" என்றாள்.

நான் ஓர் அடி முன்னே வைத்தேன். தந்தையார் என் பக்கம் திரும்பாமலே, "வாய் திறக்கப்பிடாது மக்கா" என்றார்.

திறக்கவில்லை. ஊருக்குத் தெருக்குழாய் வந்து சேர்வதற்குள் அந்தக் குழந்தை பள்ளிக்கூடத்தையே முடித்துவிட்டாள். கல்லூரி நாள்களிலிருந்து நான் சிரிக்காத மனிதன் என்று பெயரெடுத்தேன். அதைக் கண்டிப்பு என்று எண்ணினார்கள், நானும் மறுக்கவில்லை.

இன்று அந்தக் கிணற்றின்மேல் கான்கிரீட் பலகை கிடக்கிறது. படலும் இல்லை, தந்தையாரும் இல்லை. போன மாதம் வீட்டுக்கு வீடு குழாய் போட்டபோது, தங்கம்மையின் மகள் சுயம்புக்கனி தன் வாசலில் குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் குழாய் போட வந்த ஆளிடம், "இவுக அப்பாதான் எங்களுக்கு மொதல்ல நல்ல தண்ணி தந்தவுக" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரிக்கும்போதே, பழக்கம்போல, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டாள்.

நான் அப்போதும் வாய் திறக்கவில்லை.