பின் சீட்டில் என் கால்கள்

எங்க பிளேனுக்கு ஒரு கெட்ட புத்தி. தரையில இறங்கினதும் முன்னாடி ஓடி வரணும்னு வாலுக்கு ஆசை வந்துடும். இப்ப வர்ற பிளேனுக்கெல்லாம் மூக்குக்குக் கீழே ஒரு சக்கரம் இருக்கும், அது பாட்டுக்கு நேரா ஓடும். எங்களுது எங்க அப்பா காலத்துச் சாமான். முன்னாடி ரெண்டு சக்கரம், வாலுக்கடியில சுண்டைக்காய் மாதிரி ஒண்ணு. மூக்கு வானத்தைப் பாத்துக்கிட்டே நிக்கும், அதனால இறங்கும்போது எதிர்ல ரன்வேயே தெரியாது. ரெண்டு ஓரத்துப் புல்லையும் பாத்துக்கிட்டு, வால் லேசா அசைஞ்ச உடனே காலால பெடலை அழுத்தி நேராக்கணும். கொஞ்சம் அசந்தாலும் பிளேன் பம்பரமா சுத்தி, றெக்கை தரையில மோதிடும். பிளேனைக் கையாலதான் ஓட்டறோம்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. இதைக் காலாலதான் இறக்கணும்.

என் வீட்டுக்காரருக்குக் கால் போயிடுச்சு. வெட்டி எடுக்கலை, கால் இருக்கு. உணர்ச்சிதான் இல்லை. சுகர்.

மூடிப்போன ஒரு ஃப்ளையிங் கிளப்புல புறா எச்சத்தோட கிடந்த பிளேன் அது. அவரும் மூணு சிநேகிதங்களும் சேர்ந்து எடுத்து, புதுத் துணி போர்த்தி, பெயிண்ட் அடிச்சுப் பறக்க வச்சாங்க. நானும் அதுலயே கத்துக்கிட்டு லைசென்ஸ் வாங்கினேன். ஞாயித்துக்கிழமை விவேக் நகர் சர்ச்சுல காலைப் பூசை முடிஞ்சதும், ஊருக்கு வடக்கே இருக்கிற ஏர்ஃபீல்டுக்குக் கிளம்பிடுவோம். பிள்ளை குட்டி இல்லாத எங்களுக்கு வேற என்ன இருக்கு? இவரோட அப்பா தங்கவயல் சுரங்கத்துல வேலை பாத்தவர். "எங்கப்பா கீழே போனாரு, நான் மேலே போறேன்"னு இவர் சொல்லாத ஆள் பெங்களூர்ல பாக்கி கிடையாது. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு.

அல்சூர் மெட்ரோ படியில ஏறும்போதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டுது. "ஏங்க, ஒரு கால் செருப்பு எங்க?"ன்னு கேட்டேன். குனிஞ்சு பாத்தாரு. அது கீழ்ப் படியில அநாதையாக் கிடந்தது. கழண்டதே தெரியாம வெறுங்காலோட ஏறிட்டிருக்காரு மனுஷன். அவர் சிரிச்சாரு. எனக்குச் சிரிப்பு வரலை. டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனேன். நரம்பு செத்துப் போச்சு, இது திரும்பி வராதுன்னு எங்க ரெண்டு பேருக்கும் சேர்த்துதான் டாக்டர் சொன்னாரு. இவர் காதுல வாங்கினாத்தானே!

அந்த வருஷம் மழை முடிஞ்சு மறுபடி பறக்க ஆரம்பிச்சோம். அவர் முன் சீட்டு, நான் பின் சீட்டு. சக்கரம் தரையைத் தொட்டுச்சு, வால் இடது பக்கம் நகந்துச்சு. இவர் கால் வரும் வரும்னு பாக்கறேன், வரலை. "மாதாவே"ன்னு நானே பெடலை அழுத்தினேன். முன்னாடி பின்னாடி பெடல் ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சேர்ந்தது. நான் அழுத்தினா அவர் பெடலும் நகரும். உணர்ச்சி இருக்கிற எவனுக்கும் வேற ஒரு கால் அழுத்துறது தெரிஞ்சிடும். இவருக்குத் தெரியலை. நின்னதும் திரும்பி, "பாத்தியா, நூல் பிடிச்ச மாதிரி இறக்கிட்டேன்"னாரு. அந்த மூஞ்சியைப் பாத்துக்கிட்டு நான் என்னத்தைச் சொல்ல? அடுத்த வாரமும் நான்தான் அழுத்தினேன். அதுக்கடுத்த வாரமும்.

எங்க ஆளுங்களுக்கு ஒரு பழக்கம். பிளேன் நிறுத்துற ஹேங்கர் நிழல்ல டீ குடிச்சுக்கிட்டே உக்காந்திருப்பாங்க, யார் இறங்கினாலும் கைவிரலைக் காட்டி மார்க் போடுவாங்க. இவர் எப்பவும் ஆறு, ஏழு வாங்குற ஆள். இப்ப ஒவ்வொரு தடவையும் பத்து விரலும் விரியும். ஒருத்தர் "சக்கத் குரு", பிரமாதம்ப்பான்னு கன்னடத்துல கத்துவாரு. எல்லாரும் மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டு ஒரு காரணமும் கண்டுபிடிச்சாங்க. என்னோட வெயிட்டாம்! பின்னாடி கனமா இருக்கிறதால வால் அப்படியே படிஞ்சு உக்காருதாம். "அண்ணிக்கு இன்னும் ரெண்டு இட்லி வைங்கப்பா"ன்னு கிண்டல் வேற. எனக்குப் பத்திக்கிட்டு வரும். வாயை மூடிக்கிட்டு டீயைக் குடிப்பேன். சிநேகிதர்ல ஒருத்தர் நெசமாவே பின் சீட்டுல மணல் மூட்டையைக் கட்டிக்கிட்டுப் பறந்து பாத்தாரு. கோணல் மாணலா இறங்கினாரு, நாலு விரல்தான் கிடைச்சுது. மூட்டை பத்தலைன்னு முடிவு பண்ணாங்களே ஒழிய, வேற யாருக்கும் எதுவும் தோணலை.

அப்புறம் ஒரு நாள் சாப்பிட்டுக்கிட்டே இவர் சொன்னாரு: "அறுபது முடியுது. அன்னிக்கு நான் தனியாப் பறக்கப் போறேன். உன் சீட்டுல ரெண்டு மூட்டை மணல் கட்டிக்கிறேன்."

வேணாங்கன்னேன். கெஞ்சினேன். சண்டை போட்டேன், சோத்துத் தட்டைத் தள்ளி வச்சேன். ஒண்ணும் நடக்கலை. பத்து விரல் பாத்த ஆளு, என் பேச்சையா கேப்பாரு?

அந்த நாளும் வந்துச்சு. சிநேகிதங்க மூணு பேரும் வந்திருந்தாங்க. ஹேங்கர்ல மூட்டையைத் தூக்கிட்டு வந்தாரு. நான் பிளேனுக்குக் குறுக்கே போய் நின்னுக்கிட்டேன்.

"இத்தனை நாளா இறக்கினது நீங்க இல்லை. நான்."

"உளறாதே."

"பின்னாடியிலேர்ந்து நான்தான் பெடலை அழுத்தினேன். உங்களுக்கு அது தெரியவே இல்லை."

முகம் சிவந்து போச்சு. "எனக்குக் கால் செத்துப் போச்சுன்னு சிநேகிதங்க முன்னாடி சொல்றியா?"

"செத்துத்தாங்க போச்சு"ன்னேன். சொல்லிட்டு நானே அழுதுட்டேன்.

மூட்டையைக் கீழே போட்டாரு. "ஏறு பின்னாடி. எஞ்சின் வேணாம். நான் பெடல்ல காலை வச்சுக் கண்ணை மூடிக்கிறேன். நீ எந்தப் பக்கம் அழுத்தினாலும் சொல்றேன். சரியாச் சொல்லிட்டா நீ வாயைத் திறக்கக் கூடாது, நான் தனியாத்தான் போவேன்."

ஏறினோம். பக்கத்து ஹேங்கர்ல ஜெனரேட்டர் ஓடின சத்தத்துல பெடல் கிரீச்சிடறதுகூடக் கேக்காது. சிநேகிதங்க மூணு பேரும் வால் பக்கமா வந்து நின்னாங்க. முன்னாடி இருந்த குட்டிக் கண்ணாடியில அவர் கண்ணை மூடினது தெரிஞ்சுது. அவர் சரியாச் சொல்லிடணும்னு நான் வேண்டிக்கிட்டேன். சத்தியமா வேண்டிக்கிட்டேன்.

இறங்கும்போது அழுத்துற அளவுக்கு வலது பெடலை அழுத்தினேன். காத்திருந்தேன். இடதை அழுத்தினேன். மறுபடி வலது. ஜன்னல் வழியாத் திரும்பிப் பாத்தேன். பெடலை அழுத்தினா திரும்புற வால் சுக்கான் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பினதை அந்த மூணு பேரும் பாத்துட்டாங்க. ஒருத்தர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்பால நடந்தாரு.

என் கால் திரும்ப இடது பெடலை அழுத்திக்கிட்டிருந்தது. அவர் கண்ணை இறுக்க மூடிக்கிட்டு, பரீட்சை எழுதற பையன் மாதிரி நிமிந்து உக்காந்திருந்தாரு.

"ரெடி"ன்னாரு. "ஆரம்பி."