சின்னமனூரில் ஒரு புதுச்சேரி ரொட்டிக் கடை

ரொட்டி போடுகிறவனுக்கு எதிரிகள் இரண்டு, ஈர விறகும் எதிர்காற்றும் என்று என் தகப்பனார் சொல்லுவார். மூன்றாவது எதிரி ஒன்று உண்டு, அதன் பெயர் ஆரோக்கியம் என்பதைச் சின்னமனூருக்குக் குடிவந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

பிறந்த ஊரை விட்டுவிட்டு வேறோர் ஊரில் குப்பை கொட்டிக்கொண்டிருக்கும் அன்பர்களே, நீங்களெல்லாம் என் கட்சி. உங்களிடம் சொல்லாமல் இதை யாரிடம் சொல்வேன்? புதுச்சேரியில் வெள்ளைக்காரத் தெருக்களுக்கு ரொட்டி போட்ட குடும்பம் எங்களுடையது. அங்கே காலையில் நீள ரொட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடற்கரைப் பக்கம் நடந்து போவது ஒரு கௌரவம். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது, அண்ணனோடு மட்டும் எனக்கு ஒத்துப்போகவில்லை. ஒருநாள் வாய்ச்சண்டை முற்றி, "இனி உன் கடை வாசலை மிதிக்கமாட்டேன்" என்று தெருவே கேட்கக் கத்திவிட்டேன்.

அந்தச் சமயம் பார்த்து ஓர் ஏஜெண்டு வந்து ஆசை காட்டினார். குமுளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரைக்குத் தினமும் ரொட்டி வேண்டும், பஸ்ஸில் ஏற்றிவிட்டால் போதும் என்றார். புதுசாகக் கல்யாணமான என் மனைவி செசிலியையும் இரண்டு டிரங்குப் பெட்டிகளையும் கூட்டிக்கொண்டு, விறகும் தண்ணீரும் சௌகரியம் என்று சின்னமனூரில் வந்து அடுப்புக் கட்டினேன். நாலே மாதம். துரை சீமைக்குப் போய்விட்டார். அடுத்து வந்த துரைக்கு அவருடைய சமையல்காரரே ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டார். எனக்கு மிஞ்சியது அடுப்பு.

செசிலி அப்போதே சொல்லிவிட்டாள். "கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்போம். அதுக்குள்ள நமக்குன்னு ஒரு மனுஷராவது இந்த ஊர்ல இல்லேன்னா, நீங்க அண்ணன் கால்ல விழுந்தாவது ஊருக்குப் போயிடணும்." அண்ணன் காலில் விழுவதை நினைத்தாலே எனக்கு உடம்பு எரியும். இந்த ஊரில் இருப்பதை நினைத்தாலும் எரியும். இனி நடந்தவற்றைக் கேளுங்கள்.

துரையைப் பார்க்க வந்த கூட்டம்

முதலில், நாங்கள் வந்து இறங்கிய நாள். பஸ் நின்ற இடத்தில் நூறு பேராவது கூடியிருந்தார்கள். திருவிழாவோ என்று நினைத்தேன். பிறகுதான் சங்கதி தெரிந்தது. புதுச்சேரிக்காரன் பிரெஞ்சு சர்க்காரின் பிரஜை அல்லவா? அதனால் வருவதற்கு முன்பே போலீஸ் ஸ்டேஷனுக்கு எழுதிப் போட்டிருந்தேன். பிரெஞ்சுக்காரர் ஒருவர் சம்சாரத்தோடு குடிவருகிறார் என்று ஏட்டையா காப்பிக் கடையில் சொல்லிவைத்திருக்கிறார். ஊரே திரண்டு தொப்பியையும் பூட்சையும் எதிர்பார்த்து நின்றது.

நானோ கறுப்பு. அதுவும் சின்ன வயசிலிருந்தே அடுப்புக்கு முன்னால் வெந்த கறுப்பு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். கூட்டம் என்னைத் தாண்டிப் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தது. உள்ளே ஒரு கோழிக்கூடை மட்டும்தான் பாக்கி. இவர்தான் அந்த ஆள் என்று கண்டக்டர் கையைக் காட்டியதும் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. முன்வரிசையில் நின்ற ஒருவர் என்னைத் தலை முதல் கால்வரை அளந்துவிட்டுப் பக்கத்து ஆளிடம் சொன்னார்:

"ஏலே, இந்தத் தொரை வெயில்ல ரொம்ப நேரம் நின்னுட்டாக போல."

வாத்தியார் வாங்கிய ரொட்டி

தோட்டத்து வியாபாரம் போனதும் ஊருக்குள் விற்க ஆரம்பித்தேன். மூன்று நாள் ஈ ஓட்டினேன். நாலாம் நாள் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் வந்தார். மதுரையில் படித்த காலத்தில் ரொட்டி தின்று பழகியவர். ஆசையாக ஒன்று வாங்கி, கையில் பிடித்தபடியே கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்தார்.

இந்தப் பக்கத்தில் ரொட்டி என்றால் பத்தியச் சாப்பாடு. டாக்டர் சொன்னால், பாலில் நனைத்துக் காய்ச்சல்காரருக்கு ஊட்டுவார்கள். நல்ல உடம்புக்காரர் அதைத் தொடமாட்டார். இது எனக்குத் தெரியாது, வாத்தியாருக்கோ மறந்துபோயிருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் ஆறு பேர் அவரை நிறுத்தி, "யாருக்கு என்ன?" என்று கேட்டுவிட்டார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை என்றார். மறைக்கிறார் என்றால் பெரிய வியாதியாகத்தான் இருக்கும் என்று தெரு முடிவு கட்டியது. செய்தி பண்ணைப்புரத்தில் இருந்த அவர் மாமனார் வீட்டுக்கு எட்ட, பொழுது சாய்வதற்குள் இரண்டு வண்டி கட்டிக்கொண்டு அழுதபடி வந்து இறங்கினார்கள்.

மறுநாள் வாத்தியார் கடைக்குள் வராமல் தெருவில் நின்றே சொன்னார்:

"ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு, ரொட்டிக்காரரே. ஆனா மாமனார் வீட்லருந்து பதினோரு பேரு வந்திருக்காக. அவுகளுக்குச் சோறு ஆக்கிப் போட்டே என் வீட்டுக்காரிக்கு நெசமாவே காய்ச்சல் வந்துரும் போல."

விடிகாலைக் கள்

மாவு உப்ப வேண்டுமானால் எங்கள் தொழிலில் கள் வேண்டும். விடிந்ததும் செம்பைத் தூக்கிக்கொண்டு கள்ளுக்கடைக்குப் போவேன். அது மறியல் நடந்த காலம். முருகையா என்று ஒரு கதர்ச் சட்டைக்காரர் கடைவாசலில் நின்று, வருகிறவர் காலிலெல்லாம் விழுந்து குடிக்காதே என்று கும்பிடுவார். குடிக்கிறவர்கள் வெயில் ஏறித்தான் வருவார்கள். விடிகாலையில் அவருக்குக் கிடைத்த ஒரே கால் என்னுடையது.

ஒரு வாரம் விடாமல் விழுந்தார். எனக்குக் கூச்சம் தாங்கவில்லை. எட்டாம் நாள் அவரைத் தூக்கி நிறுத்தி, நான் குடிக்கிறவனில்லை, இது மாவுக்கு, நம்பாவிட்டால் வந்து பாருங்கள் என்று கடைக்குக் கூட்டி வந்தேன். மாவில் கள்ளை ஊற்றிப் பிசைந்து, அது பொங்கி வரும்வரை உட்காரவைத்தேன். கன்னத்தில் கைவைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். கடைசியில் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"மனுசன் குடிச்சா கால்ல விழுகலாம். இங்க மாவுல்ல குடிக்குது. நான் எங்கன போயி விழுகட்டும்?"

இருமிக்கொண்டே வருகிறவர்

கெங்குவார்பட்டி மாட்டு வியாபாரி ஒருவர் சந்தை நாள் தவறாமல் வருவார். ஆள் தூண் மாதிரி இருப்பார். ரொட்டி ருசி எப்படியோ நாக்கில் பட்டுவிட்டது. ஆனால் சீக்கு இல்லாமல் எப்படி வாங்குவது? அதனால் தெருமுனையிலேயே இருமத் தொடங்கிவிடுவார். மார்பைப் பிடித்துக்கொண்டு கடைவரை இருமி வந்து, மாவு மூட்டைக்குப் பின்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்ததும் இருமல் நின்றுபோகும். ஒரு முழு ரொட்டி உள்ளே போனதும், மறுபடி இருமிக்கொண்டே வெளியேறுவார்.

ஒரு சந்தை நாளில் அவர் உட்கார்ந்த பிறகும் இருமல் நிற்கவில்லை. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. ரொட்டியை இரண்டு கடி கடித்துவிட்டு என் பக்கம் தள்ளிவைத்தார்.

"இன்னைக்கி நெசமாவே முடியலங்க. இது எறங்கமாட்டேங்குது. வீட்ல சோறு இருந்தாக் கொஞ்சம் போடச் சொல்லுங்க."

பெண் பார்க்க வந்த இடத்தில்

பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாவோடு பழக வேண்டும் என்று செசிலிக்கு ஆசை. ஒருநாள் சுடச்சுட ஒரு ரொட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள். பேச்சியம்மா மரியாதைக்கு வாங்கி மாடத்தில் வைத்திருக்கிறாள். அன்று மத்தியானம் அவள் மகளைப் பெண் பார்க்க மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்தவர்கள் மாடத்து ரொட்டியைத்தான் பார்த்தார்கள். பெண்ணைச் சரியாகப் பார்க்கவில்லை. காப்பியைக்கூடத் தொடாமல் எழுந்து போய்விட்டார்கள்.

பேச்சியம்மா எங்கள் வாசலில் நின்று பேசிய பேச்சை எழுதமுடியாது. செசிலி மூன்று நாள் அழுதாள். நல்லது செய்யப்போய் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டோமே என்று எனக்கும் சோறு இறங்கவில்லை. ஒரு ரொட்டியை எடுத்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைக்கு நடந்தேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, எங்கள் ஊரில் இது திடகாத்திரமானவர்கள் தின்கிற பண்டம் என்று சொல்லி, தண்ணீர்கூடக் குடிக்காமல் முழுசையும் தின்று காட்டினேன். பிற்பாடு அவர்கள் நாலு இடத்தில் விசாரித்துத் திருப்தியாகி, கல்யாணம் நல்லபடி நடந்தது. என்னால் நடந்தது என்று சொல்லிக்கொள்ள வழியில்லை. ஏனென்றால் நான் கடைசித் துண்டை விழுங்கியதும் மாப்பிள்ளையின் தகப்பனார் கேட்டது இது:

"பொண்ணு வீட்ல யாருக்கும் சீக்கு இல்லேன்னு ஒத்துக்கிறேன். முழு ரொட்டியவும் தின்னீகளே, உங்களுக்கு என்ன சீக்கு?"

கார்த்திகை

புரட்டாசி வரை வியாபாரம் படுத்துக் கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாயங்காலமானால் திண்டுக்கல் பஸ் புறப்படுவதைப் பார்க்கப் போய்விடுவேன். ஏறத் தைரியம் கிடையாது, பார்க்காமல் இருக்கவும் முடியாது. ஐப்பசியில் மழை பிடித்தது. வயல்களில் தண்ணீர் தேங்கிக் கொசு பெருத்து, கார்த்திகையில் வீட்டுக்கு வீடு குளிர்காய்ச்சல். கடையில் கூட்டம் நெரிந்தது. அடுப்பு ஆறவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இராயப்பன்பட்டி மாதா கோவிலில் முழங்காலில் இருந்தேன். இந்த மழை இன்னும் பத்து நாள் நீடித்தால் நன்றாயிருக்குமே என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன்! சட்டென்று உறைத்தது. என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து செசிலியிடம் சொன்னேன். அவள் பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கச் சொல்லித் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். வந்த நாளிலிருந்து ஒரு மனுஷி நம் வீட்டுக்குள் வந்து உட்காரவில்லை, ரொட்டிக்கடை வீட்டுக்குள் நுழைந்தால் யாருக்கு என்ன என்று கேட்பார்கள் என்று பயப்படுகிறார்கள், இதில் ஊர் நோயில் வேறு வயிறு வளர்க்க வேண்டுமா என்றாள். வருகிறோம் என்று அண்ணனுக்குக் கடிதம் எழுதினேன். அதைத் தபாலில் போடப் போகும்போது ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் முகமெல்லாம் சிரிப்பாக எதிரே வந்தார்.

"நல்ல மழை, ரொட்டிக்காரரே. இந்த வருசம் உங்களுக்கும் எனக்கும் கொறைவே இருக்காது."

எங்கள் வீட்டுக் காய்ச்சல்

பயணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது செசிலி படுத்துவிட்டாள். அதே குளிர்காய்ச்சல்தான். மூன்று போர்வை போட்டும் உதறியது. அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பைத்தியம் பிடித்தவன் போலக் கடைக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கம்பவுண்டர் கொயினா மருந்து கொடுத்தார். மூன்றாம் நாள் காலையில் வியர்த்து, கொஞ்சம் கண் திறந்தாள். எனக்குப் போன உயிர் வந்தது. சுட்டுவைத்த ரொட்டி வீணாகிறதே என்று கடையைத் திறந்தேன்.

முதல் ஆளாகப் பேச்சியம்மா வந்து ரொட்டி கேட்டாள். பெண் பார்த்த விவகாரத்துக்குப் பிறகு என் கடைப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவள். "யாருக்கு என்ன?" என்றேன், நானும் ஊர் வழக்கப்படி. காசை வைத்துவிட்டு ரொட்டியை எடுத்துக்கொண்டு போனாள். பின்னாலேயே வாத்தியார், அப்புறம் முருகையா, அப்புறம் ஏட்டையா சம்சாரம். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஒன்பது ரொட்டி போனதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்கள் தெரு முழுக்கக் காய்ச்சலில் விழுந்துவிட்டது, செசிலியை இன்றே வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும் என்று, கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

உள்ளே கால்வைக்க இடமில்லை. எல்லோரும் புழக்கடை வழியாக வந்து பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். செசிலியின் தலைமாட்டில் என் ரொட்டி ஒன்பதும் இருந்தன. பேச்சியம்மா அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாய், தாயி" என்று பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். நான் திருதிருவென்று விழித்ததைப் பார்த்து, "சீக்காளியப் பாக்க வெறுங்கையோடயா வருவாக?" என்று அதட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்தது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அழுதுவிட்டேன்.

எல்லோரும் போன பிறகு செசிலி அந்த ரொட்டிகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். இந்த ஊருக்கு வந்து அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அண்ணனுக்கு வேற கடுதாசி எழுதிப் போடுங்க. நம்ம ரொட்டியையே காசு குடுத்து வாங்கி நமக்குக் கொண்டாந்து குடுக்க, அங்க யாருங்க இருக்காங்க?"

பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. "யாவாரம் எப்படி?" என்று கேட்கிறவர்களிடம், "உங்க புண்ணியத்துல ரொம்ப மந்தம்" என்று மனசாரச் சொல்லுகிற ஒரே வியாபாரி இந்தக் கம்பம் பள்ளத்தாக்கில் நானாகத்தான் இருப்பேன்.