பெட்டகத்துக்குள் கருவாடு

கருவாடு எங்கே கிடைக்கும் என்று நேற்று இந்த மின்னஞ்சல் குழுவில் கேட்டவர்களுக்கு:

ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், பழைய வங்கிக் கட்டடத்தில் எங்களவர் ஒருவர் கடை போட்டிருக்கிறார். இன்று போனேன்.

"பொறுங்கோ தங்கச்சி, மேல்மாடி வெள்ளைக்காரரைக் கூப்பிடுறன்," என்றார் கடைக்கார அண்ணை.

"கருவாட்டுக்கு அவர் ஏன்?"

"நாறுது, கடையைப் பூட்ட வைப்பன் எண்டு நிண்டவர். பிறகு அவரே பாங்கின்ரை பெட்டகத்துக்குள்ள வைக்கச் சொன்னார். முந்தி இஞ்ச மனேச்சராம். பூட்டு நம்பர் அவருக்கு மட்டும்தான் தெரியும்."

"கேட்டு வாங்கலாமே?"

"கேட்டனான். பாங்க் ரகசியமாம்."

வங்கி மூடி எத்தனை வருடம் என்று அண்ணைக்கே தெரியாது.

வெள்ளைக்காரர் இறங்கி வந்தார். எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுத் திறந்தார்.

வேண்டியவர்கள் வேலை நாளில் போங்கள். சனி, ஞாயிறு வங்கி திறக்காதாம்.