மறுகா?

யுத்தம் முடிந்து பாதையில் சோதனைச்சாவடிகள் குறைந்த பிறகுதான் நான் முதன்முதலாகக் கொழும்புக்குப் போனேன். பெரிய ஏமாற்றம். ஒரு கொலையைக்கூடக் காணவில்லை.

எல்லாம் வாப்பாவால் வந்த வினை. இளந்தாரியாக இருந்தபோது புதுக்கடை நீதிமன்றத்துக்கு முன்னால் ஒரு தேத்தண்ணிக் கடையில் வேலை பார்த்தவர் அவர். எங்கள் ஊரான கல்முனைக்குத் திரும்பியபோது காசு பணம் கொண்டுவரவில்லை. கொழும்பின் பேர்போன கொலைகள் அத்தனையையும் கொண்டுவந்தார். ஷெல் சத்தம் கேட்கும் பின்னேரங்களில்கூட, அங்கே யார் யாருக்கு நஞ்சு வைத்தார் என்பதுதான் எங்கள் வீட்டுப் பேச்சு. சந்தைக்குப் போனால் திரும்பி வருவோமா என்று தெரியாத காலத்தில், உம்மா பயந்தது கொழும்புக்குத்தான்.

கதைக்கு ஒரு சட்டம் இருந்தது. கொலைகாரன் கதவைத் திறக்கிற இடத்தில் வாப்பா நிறுத்திவிடுவார். பக்கத்தில் இருக்கும் அவருடைய தம்பி, எங்கள் சாச்சா, "மறுகா?" என்று கேட்க வேண்டும். பிறகு என்ன என்று அர்த்தம். கேட்டால்தான் கதை நகரும். உம்மா மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. "கொலகாரன்ட கதையக் கேட்டா சோறு இறங்குமா?" என்று அடுப்பெரியும் குசினிக்குள் போய்விடுவார்.

சுனாமியில் வீடு போனது. சாச்சா மௌத்தானார். தம்பியை அடக்கிவிட்டு வந்த வாப்பா வாயை மூடிக்கொண்டார். எங்களுக்குத் தந்த தகரக் கொட்டிலில், யாராவது சலாம் சொன்னால் பதில் சொல்வதோடு சரி. மாதக்கணக்கில் இப்படியே இருந்தார். அவரையும் கடல் கொண்டுபோய்விட்டது என்றே நான் பயந்தேன்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், சூடை மீன் கழுவிக்கொண்டிருந்த உம்மா எங்களிடம் திடீரென்று கதைக்கத் தொடங்கினார். "கொழும்புக் கோட்டை ஸ்டேசன்ல பொணத்தோட கிடந்த தகரப்பொட்டிய பச்சக் கயித்தாலதான் கட்டியிருந்த. கொலை செஞ்ச ஆள் குசினிக்காரன்."

நான் அசந்துபோனேன். கயிற்றின் நிறம்வரைக்கும் குசினிக்குள் இருந்தே கேட்டிருக்கிறார். சரியான கள்ளி!

மூலையிலிருந்து வாப்பா சீறினார். "குசினிக்காரனில்ல, டாக்குத்தர்! எத்தின தரம் செல்லியிரிக்கன்?"

"எனக்கெங்க சென்னீங்க?" என்றார் உம்மா, தலையை நிமிர்த்தாமல்.

வாப்பா கிட்ட வந்து உட்கார்ந்து கதையைத் தொடங்கினார். டாக்டர் மாடியேறினார், சாவியைத் திருப்பினார், கதவைத் திறந்தார். பழக்கதோஷத்தில் வாப்பா அங்கே நிறுத்திவிட்டார். நிறுத்திய பிறகுதான் பக்கத்தில் தம்பி இல்லை என்பது அவருக்கு உறைத்தது. எழும்பப் பார்த்தார்.

மீன் செதில் ஒட்டிய கையோடு உம்மா அவரைப் பார்த்துக் கேட்டார்:

"மறுகா?"