குகைக்கு விளக்குப் போட்டவர்

என் அக்கா வீட்டுக்காரருக்குக் குகையில் வேலை. சொன்னால் எல்லாரும் சிரிப்பார்கள். ஊருக்கு வெளியே, தரைக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் குகை. எங்கெங்கிருந்தோ வந்து வாயைப் பிளந்து பார்ப்பார்கள். ஆட்கள் ஒரு கூடத்துக்குள் நுழைந்ததும் விளக்கைப் போடுவதும், நகர்ந்ததும் அணைப்பதும் அத்தானின் வேலை. வெளிச்சம் கூடுதலாக நின்றால் பாறையில் பச்சைப் பாசி பிடித்துவிடுமாம். அதனால் கூடத்துக்குப் பத்து நிமிடம்தான். அதற்கு மேல் கடவுளே கேட்டாலும் கிடையாது.

அக்காவுக்கு அதைப் பார்க்கக் கொள்ளை ஆசை. கூட்டத்தோடு ஓடிப் பார்ப்பது அவளுக்குப் பிடிக்காது. "லீவு நாள்ல ஒரு தடவை கூட்டிட்டுப் போங்களேன். நிதானமா உட்கார்ந்து பார்த்துட்டு வந்துடறேன்" என்பாள்.

"லீவு நாள்ல லைட்டு போடக்கூடாது. குகை என்ன ஓடியா போயிடும்?"

கல்யாணமான வருடத்திலிருந்து இதே பதில். நேர்மையான மனிதர்தான், யார் இல்லை என்றது? எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். நானே கூட்டிப்போகிறேன் என்றால், அவர் காட்டட்டும் என்பாள்.

குகை ஓடவில்லை. அக்காவின் கண்தான் போனது. கண்ணில் அழுத்தம் என்றார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். அப்போதாவது கூட்டிப்போயிருக்கலாம். "சரியானதும் போலாம்" என்றார் அத்தான். இரண்டே வருடத்தில் அவளுக்குப் பகலும் இருட்டும் ஒன்றாகிவிட்டன.

போன மாதம் ஒரு லீவு நாளில் அவரே கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். பெரிய கூடத்தில் அக்காவைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, அத்தனை விளக்குகளையும் போட்டார். கூரையிலிருந்து பாறை உருகி வழிந்து, பாதியில் நினைப்பு வந்து நின்றுவிட்டதுபோல் இருந்தது. பத்து நிமிடம் தாண்டி அரை மணி ஆனது. அவர் அணைக்கவில்லை.

"எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்றாள் அக்கா.

அத்தான் விரல் நீட்டி எண்ணினார். "இடது பக்கம் பன்னிரண்டு லைட்டு. மேல எட்டு. மூலையில இருக்கறது புதுசு, போன வருஷம் மாத்தினேன்."

"லைட்டை யார் கேட்டா? பாறையைச் சொல்லுங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முப்பத்தோரு வருடமாக எது எரிகிறது, எது எரியவில்லை என்று மட்டுமே பார்த்த மனிதர்.

"நானும் இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். "அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா, நீ எனக்குக் காட்டியிருப்பே."