கோலம் இல்லாத வீடு

ஸ்ரீரங்கத்தில் எனக்கு அவசரமாக வாடகை வீடு தேவைப்பட்டது. குடையை அக்குளில் இடுக்கிய ஒரு தரகர் கூட வந்தார். கோலம் இல்லாத வாசலைக் கண்டால் அந்த வீடு காலி என்று நின்றுவிடுவார்.

மாடி கேட்டுப் போன இடத்தில் வீட்டுக்கார அம்மாவிடம் நான் தயங்கித் தயங்கி வாடகையைக் கேட்டேன். தரகரோ சுவரில் இருந்த, வெள்ளைக்காரர் யாரோ வரைந்த பழைய கிராமத்துத் தெருவின் நீர்வண்ணப் படத்தை உற்றுப் பார்த்தார்.

“மூணாவது வீடு காலிங்க. அங்க மட்டும் கோலம் இல்ல.”

“ஐயோ, அது நூத்தைம்பது வருஷத்துப் படங்க!” என்றார் அந்த அம்மா.

“அவ்வளவு நாளா பூட்டிக் கிடக்கா? அப்ப வாடகையக் குறைச்சுப் பேசலாம்.”

அம்மா விழுந்து விழுந்து சிரித்து, மாடிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டார்.

படி இறங்கும்போது தரகர் என் காதருகே சொன்னார்: “மாடி சரிப்படலன்னா சொல்லுங்க, அந்த மூணாவது வீட்டப் பேசிடுவோம்.”

அவர் முகத்தில் சிரிப்பே இல்லை.