பரங்கிக்காய் பிஸ்கட்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். சின்ன ர வருமா பெரிய ற வருமா என்று இன்றைக்கும் தடுமாறுவேன். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

கம்பெனி டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் வீடுகளில் காண்ட்ராக்டில் தோட்ட வேலை செய்கிறேன். இங்கே பெர்மனென்ட் ஆட்கள் ரிட்டயர்டு ஆனதும் வீட்டைக் காலி செய்து சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். கட்டில், பீரோ எல்லாம் லாரியில் ஏறும். நாய் ஏறாது.

அப்படித்தான் கோயம்புத்தூர்க்காரர் வீட்டுப் பழுப்பு நாய் நின்றுபோனது. அவர்கள் போகிற ஃபிளாட்டில் நாய்க்கு இடமில்லையாம். அந்த வீட்டு அம்மா கிளம்பும்போது ஒரு டப்பாவை என் கையில் கொடுத்தார்.

“வயசாயிருச்சுப்பா அவனுக்கு. சோத்த மோந்துகூடப் பாக்கமாட்டான், நான் சுடற பிஸ்கட்தான். இது தீந்தா நீதான் செஞ்சு போடோணும். உப்பும் சக்கரையும் மட்டும் ஆகாது.”

செய்முறையும் சொன்னார். கோதுமை மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய், ஒரு முட்டை.

நாயை முத்தாண்டிக்குப்பம் பக்கம் இருக்கிற என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். விடிவதற்குள் கயிற்றைக் கடித்துவிட்டுப் பழைய வீட்டுக்கே திரும்பிவிட்டது. மறுபடியும் கூட்டிவந்தேன், மறுபடியும் போனது. பூட்டிய கதவுக்கு முன்னால் படியில் படுத்துக்கொண்டது. சரி, அங்கேயே கிடக்கட்டும், காலையில் வேலைக்குப் போகும்போது தீனி கொடுக்கலாம் என்று விட்டேன்.

டப்பா தீர்ந்தது. எங்களிடம் ஓவன் ஏது? பழைய அலுமினியக் குண்டானில் மணலைக் கொட்டி, சூடேற்றி, மேலே தட்டு வைத்து மூடி, விறகு அடுப்பில் சுட்டேன். முதல் முறை அடி கருகிவிட்டது. என் மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இன்னாய்யா, எனக்கு ஒரு நாளாவது முட்ட போட்டு இப்டி சுட்டுக் குடுத்துருக்கியா? நானும் கொலைச்சாதான் குடுப்ப போல.”

சொல்லிவிட்டு அவளே உட்கார்ந்து அடுத்த மாவை மெல்லிசாகத் தட்டிக் கொடுத்தாள்.

நாய் மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மாட்டாஸ்பத்திரி டாக்டர், “ஒடம்புல ஒண்ணும் இல்ல. எதையாவது உள்ள தள்ளுனா பொழைச்சுக்கும்” என்றார். பிஸ்கட்டைப் பாலில் ஊறவைத்து விரலில் தொட்டு நாக்கில் தடவினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நக்கும், எழுந்தால் நிறுத்திவிடும். வேலைக்குத் தாமதமாகி சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். கடைசியில் ஒரு காலை, தரையில் வைத்த பிஸ்கட்டைத் தானே கடித்தது. அன்று செடிக்குத் தண்ணீர் விடும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் கோயம்புத்தூர் அம்மாவுக்குப் போன் செய்தேன்.

“சாப்புடறானா? ஸ்பீக்கர்ல போடுப்பா, ரெண்டு வார்த்தை பேசறேன்” என்றார்.

போட்டேன். “சாமி... எஞ்சாமி...” என்று குரல் வந்ததும் காது நிமிர்ந்தது. வால் தரையில் பட்பட்டென்று அடித்தது. எழுந்து வந்து போனை நக்கியது. பிறகு ஓடிப்போய்க் கதவைப் பிறாண்டியது. வீட்டைச் சுற்றிக்கொண்டு சமையலறை ஜன்னலுக்குக் கீழே நின்று குரைத்தது. திரும்பவும் கதவுக்கு வந்தது. என் கையில் அந்தக் குரல், “சாப்புடு சாமி, அம்மா சொல்றேன்ல” என்று சொல்லிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்து யாரும் வரவில்லை.

அதற்குப் பிறகு ஷிப்ட் பஸ் எது வந்தாலும் எழுந்து கேட்டுக்குப் போகும். இறங்குகிறவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிவரும். பிஸ்கட்டில் எறும்பு மொய்த்தது. விரலில் தடவினால் பல்லை இறுக்கிக்கொண்டது. எழுந்து போவதும் நின்றது. மழை பெய்த ஒரு காலையில் படியில் விறைத்துக் கிடந்தது. உடம்பில் எடையே இல்லை. தோட்டத்து மாமரத்தடியில் புதைத்தேன்.

அந்த அம்மாவிடம் போனில் சொன்னேன். வெகுநேரம் அழுதார். பிறகு, “அன்னைக்கு நான் பேசுனப்போ சந்தோசப்பட்டானாப்பா?” என்று கேட்டார்.

“வால் ஆட்டுச்சும்மா.”

“அது போதும்ப்பா” என்றார்.

கதவைப் பிறாண்டியதை நான் சொல்லவில்லை. அது வேறு யாருக்கும் தெரியாது. மனதில் வைத்திருக்க முடியாமல் எழுதினேன்.

ஐப்பசி பதினாலு, ஞாயிற்றுக்கிழமை.